காலுக்கு அளவு பார்க்கும் ஊரில் சைக்கிளுக்கு அளவு கிடையாதா?

காலை ஷிப்டு தொடங்கும் நேரத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு சாலைகளில் ஷூ கம்பெனிகளையும் தோல் பதனிடும் ஆலைகளையும் நோக்கிப் போகிற சைக்கிள்களைக் கொஞ்சம் நின்று கவனித்தால் ஒன்று கண்ணில் படும். பலருடைய முட்டிகள் இருபுறமும் விரிந்திருக்கும். மிதி மேலே வரும்போது முட்டி வயிற்றை இடிக்கிற மாதிரி எழும்பும். மிதி அடிமட்டத்துக்குப் போன பிறகும் கால் நீளாமல் பாதி மடங்கியே இருக்கும். சீட் பைப் முழுவதும் ஃபிரேமுக்குள் இறங்கிக் கிடப்பதுதான் இதற்குக் காரணம். வாங்கிய அன்று கடைக்காரர் எந்த உயரத்தில் முடுக்கிக் கொடுத்தாரோ அந்த உயரத்திலேயே பத்து வருடமாக அது துருப்பிடித்து நிற்கிறது. அதே ஆட்கள் கம்பெனிக்குள் போனதும் என்ன வேலை செய்கிறார்கள் என்று யோசித்தால் வேடிக்கை புரியும். ஷூ அளவில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், இங்கிலாந்து முறையில் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர். அரை எண் என்றால் நாலு மில்லிமீட்டர் சொச்சம். அந்த நாலு மில்லிமீட்டர் தவறினால் சரக்கு திரும்பி வரும். உலகத்தின் கால்களுக்கு மில்லிமீட்டர் கணக்கில் அளவு பார்க்கிற ஊர், தன் கால்கள் தினமும் மிதிக்கிற வண்டிக்கு அளவே பார்ப்பதில்லை.

சைக்கிளைப் பற்றி நம்மிடையே புழங்குகிற அறிவுரைகளில் முக்கால்வாசி வாங்குவதைப் பற்றியவை. கால் வலிக்கிறதா, கியர் சைக்கிள் வாங்கு. உட்கார முடியவில்லையா, மெத்தை சீட் போடு. மூச்சு வாங்குகிறதா, பேசாமல் வண்டி எடுத்துவிடு. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டிய அறிவுரை ஒன்று இருக்கிறது, அதற்குக் காசே வேண்டாம்: சீட்டை உன் காலுக்கு ஏற்ற உயரத்தில் வை. சைக்கிள் ஓட்டுவதை விட்டவர்களில் பலர் சைக்கிள் பிடிக்காமல் விடவில்லை, உடம்புக்குப் பொருந்தாத சைக்கிளை ஓட்டி அலுத்துப்போய் விட்டார்கள் என்பதே என் கருத்து. விலையையும் கியரையும் பற்றிப் பேசும் முன் அளவைப் பற்றிப் பேச வேண்டும். கடைகளும் பள்ளிகளும் அரசும், ஞாயிறு காலைகளில் ஹெல்மெட்டோடு கிளம்புகிற ஆர்வலர்களும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

'சைக்கிள் மிதித்தால் முட்டி தேயும்' என்பது வீட்டுக்கு வீடு கேட்கிற பேச்சு. முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்கே நின்ற இடத்தில் மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிளைப் பிசியோதெரபிஸ்டுகள் பரிந்துரைக்கிறார்கள். உடம்பின் எடையை இருக்கை தாங்கிக்கொள்வதால் நடப்பதைவிட, ஓடுவதைவிட முட்டிக்குச் சுமை குறைவு. ஆனால் அந்தச் சிகிச்சை அறையில் முதலில் நடப்பது இருக்கை உயரத்தைச் சரிசெய்வது. முட்டி எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவுக்கு முட்டிச் சில்லு தொடை எலும்போடு அழுந்தும். தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து மிதிப்பவர் ஒவ்வொரு சுற்றிலும், மடங்கிய காலின் மீதே முழு பலத்தையும் போடுகிறார். சாதாரண சைக்கிளில் மிதியை ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் 5 மீட்டர் நகரும். கம்பெனிக்கு 5 கிலோமீட்டர் என்றால் போக வர 10 கிலோமீட்டர். ஒவ்வொரு முட்டியும் 2,000 தடவை மடங்கி நிமிர்கிறது. மாதத்துக்கு 26 வேலைநாள் என்று வைத்தால் 52,000 தடவை. ஒரு தடவைக்கு அது ஒன்றுமில்லைதான். ஐம்பத்திரண்டாயிரம் தடவைக்கு அது ஒரு நோய்.

இந்தக் கணக்கின் உண்மையை வேலூருக்கு வெளியூர்க்காரர் யாரும் வந்து சொல்லித்தரத் தேவையில்லை. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவைசிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களை ஆராய்ந்து கண்டதும் இதுதான். சதை தானாக அழுகுவதாக அதுவரை நம்பியிருந்தார்கள். உணர்ச்சியற்ற பாதத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுகிற அழுத்தமே புண்ணை உண்டாக்குகிறது, அந்த அழுத்தத்தைப் பரப்பிவிடுகிற, பாதத்துக்குப் பொருந்துகிற செருப்பு இருந்தால் புண்ணைத் தடுக்கலாம் என்று அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் காட்டினார்கள். வேலூரிலும், 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையத்திலும், மிருதுவான எம்.சி.ஆர். ரப்பர் அடிப்பாகம் வைத்த செருப்புகள் இந்த எண்ணத்திலிருந்து உருவாகிப் பரவின. தொழுநோயாளியின் பாதமும் தொழிலாளியின் முட்டியும் ஒன்றல்ல. இவருக்கு வலி தெரியும், அவருக்குத் தெரியாது. ஆனாலும் சின்ன அழுத்தம் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழுந்தால் என்ன ஆகும், பொருத்தம் எப்படி அதைத் தடுக்கும் என்ற பாடம் இந்த மண்ணில் படிக்கப்பட்ட பாடம்.

அளவு பார்ப்பது கடினமா என்றால் இல்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் நேராக உட்கார வேண்டும். ஒரு மிதியை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய் அதன் மேல் குதிகாலை வைக்க வேண்டும். குதிகால் வைத்த நிலையில் கால் முழுவதும் நீண்டு, முட்டி பூட்டிக்கொள்ளாமல் நேராக நின்றால் உயரம் சரி. பிறகு பாதத்தின் முன்பகுதியை மிதியில் வைத்து ஓட்டும்போது முட்டியில் தேவையான சின்ன மடிப்பு தானாக வந்துவிடும். இடுப்பு இருபக்கமும் ஆடினால் சீட் அதிக உயரம். கால் அங்குலம் இறக்கலாம். முட்டியின் முன்பக்கம் வலித்தால் ஏற்ற வேண்டும், பின்பக்கம் இழுத்துப் பிடித்தால் இறக்க வேண்டும். சீட் பைப்பில் எல்லைக் கோடு இருந்தால் அதைத் தாண்டக் கூடாது. கோடு இல்லாத பழைய வண்டி என்றால் குறைந்தது இரண்டரை அங்குலமாவது ஃபிரேமுக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பைப் வளையும், ஒடியும். இதற்கு ஒரு ஸ்பேனர் போதும், துருப்பிடித்திருந்தால் நாலு சொட்டு எண்ணெய். 1967இல் ஹாம்லி, தாமஸ் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், கவட்டிலிருந்து தரைவரையுள்ள உள்கால் நீளத்தைப்போல் நூற்றுக்கு 109 பங்கு உயரம், அடிமட்ட மிதியிலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை இருந்தால் சவாரி சிறக்கிறது என்று கண்டார்கள். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1986இல் வென்ற முதல் அமெரிக்கரான கிரெக் லெமாண்ட், உள்கால் நீளத்தை 0.883ஆல் பெருக்கி, மிதிக் கம்பி சுழலும் அச்சிலிருந்து அளக்கும் வழியைப் பிரபலமாக்கினார். குதிகால் முறையில் வருகிற அளவும் இவற்றை ஒட்டியே இருக்கும். பந்தயக்காரரின் ரகசியமும் பால்காரரின் தேவையும் ஒன்றுதான்.

சைக்கிளுக்கு உடம்பை வளைப்பது நமக்குப் பழகிப்போன காரியம். பெரியவர்களின் சைக்கிளில் பாருக்கு அடியில் காலை நுழைத்து, உடம்பை ஒருபக்கமாகக் கோணிக்கொண்டு குரங்கு பெடல் போட்டுத்தான் ஒரு தலைமுறையே கற்றது. வாடகை சைக்கிள் காலத்தில் கிடைத்த வண்டியில் ஏறுவதுதான் வழி. ஒரு மணி நேரத்துக்கு யாரும் சீட் போல்ட்டைக் கழற்றவில்லை. அன்றைக்கு அது வறுமையின் சாமர்த்தியம். சொந்தமாக வண்டி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சட்டையை அளவெடுத்துத் தைக்கிறோம், செருப்பைப் போட்டு நடந்து பார்த்து வாங்குகிறோம், சைக்கிளை மட்டும் நிறம் பார்த்து வாங்குகிறோம்.

அரசும் இதில் விலக்கில்லை. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிப்பவர்களுக்கு விலையில்லா சைக்கிள் தருவது தமிழ்நாடு செய்த நல்ல காரியங்களில் ஒன்று. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய திட்டம், 2005-06இலிருந்து எல்லோருக்குமாக விரிந்து, இன்று ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் பேரை எட்டுகிறது. 2006இல் பீகார் இதேபோல் மாணவிகளுக்குச் சைக்கிள் தந்தபோது என்ன நடந்தது என்பதைப் பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அளந்து காட்டினார்கள்: உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் உயர்ந்தது. ஆக, சைக்கிள் கொடுப்பது வீண் செலவு என்று வாதிட இடமே இல்லை. என் குறை வேறு. கொடுப்பது இரண்டே வகை, மாணவருக்கு ஒன்று, மாணவிக்கு ஒன்று. ஒரே வகுப்பில் 145 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளையும் இருக்கும், 175 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளையும் இருக்கும். அவர்களுக்கு இடையே சீட் உயரத்தில் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் வித்தியாசம் வர வேண்டும். விழா மேடையிலிருந்து இறங்குகிற எல்லா சைக்கிளிலும் சீட் ஒரே உயரத்தில் இருக்கிறது. பதினாறு வயதில் வளர்ச்சியும் நின்றுவிடுவதில்லை. பிள்ளை வளர்வான், சீட் வளராது. ஃபிரேம் அளவுகளைக் கூட்டுவது டெண்டர் விவகாரம், நாளாகும். சீட்டை ஏற்றி இறக்குவதற்கு அரசாணை வேண்டாம்.

இதையும் சொல்ல வேண்டும்: சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் அளந்து, இந்தியக் கால்களுக்கென 'பா' என்ற தனி அளவு முறையை முன்வைத்திருக்கிறது. நம் பாதம் சராசரியாக அகலமானது, இங்கிலாந்து அளவிலும் ஐரோப்பிய அளவிலும் ஷூ வாங்கிப் பலர் பொருந்தாமல் அவதிப்படுகிறார்கள் என்பது அந்த அளவெடுப்பில் தெரிந்தது. ஷூவுக்கு இவ்வளவு தூரம் போன நாட்டில் சைக்கிளுக்கு ஒரு டேப்பை எடுத்து அளக்கக் கூடாதா?

இதற்கு வரும் எதிர்வாதங்களில் வலுவானது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. 'சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு காலும் தரையில் படிய வேண்டும், அப்போதுதான் சட்டென்று நிற்க முடியும்' என்று சொல்லித்தான் எல்லா அப்பாக்களும் பிள்ளைகளுக்குச் சீட்டை இறக்கிவைக்கிறார்கள். புதிதாகக் கற்கும்போது அது சரி. முதல் சில வாரம் பயம் தெளியும்வரை சீட் தாழ்வாகத்தான் இருக்க வேண்டும். வயதானவர்களும், ஆம்பூர் பஜார் போன்ற நெரிசலில் அடிக்கு ஒரு தரம் நிற்க வேண்டியவர்களும் கொஞ்சம் தாழ்த்தி வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் பழகிய பிறகு நிற்கும் முறை வேறு: பிரேக்கைப் பிடித்து, சீட்டிலிருந்து முன்னால் இறங்கி, ஒரு காலைத் தரையில் ஊன்றுவது. புறப்படும்போது ஒரு மிதியை மேலே வைத்து, அதன் மேல் ஏறி நின்று, அந்த உந்துதலில் சீட்டில் அமர்வது. இதைக் கற்க அரை மணி நேரம் ஆகும். இரண்டு காலாலும் தரையைத் தள்ளிப் புறப்படுகிறவரின் வண்டிதான் முதல் பத்தடிக்கு வளைந்து வளைந்து போகும். பின்னால் லாரி வரும் சாலையில் அந்தப் பத்தடிதான் ஆபத்து. ஒரே நாளில் ஏற்றவும் தேவையில்லை. வாரத்துக்கு அரை அங்குலம் ஏற்றினால் உடம்புக்கே தெரியாது.

உயர்ந்த சீட் பெண்களுக்குச் சரிவராது என்ற பேச்சும் உண்டு. புடவையும் புர்காவும் உடுத்துகிற பெண்கள் நிறைந்த பகுதி இது. அந்தக் கூச்சத்தைப் புறந்தள்ளிப் பேசக் கூடாது. ஆனால் நடைமுறையில் உண்மை நேர்மாறானது. சீட் தாழ்வாக இருக்கும்போதுதான் முட்டி உயர எழும்புகிறது, துணி மேலே ஏறுகிறது, பறக்கிறது. சீட் சரியான உயரத்தில் இருந்தால் முட்டி எழும்புவது குறையும், துணி நின்ற இடத்தில் நிற்கும். பார் இல்லாத ஃபிரேம், முழுச் செயின் கவர், பின்சக்கரத்துக்குப் புடவை கார்டு, இவை மூன்றும் இருந்தால் உடை ஒரு தடையே இல்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் புடவையோடுதான் ஓட்டினார்கள். உள்ளூரில் பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது பாருள்ள ஆண்கள் சைக்கிளிலும் ஏறினார்கள். அவர்களுக்கு இருந்த மன உறுதியைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். அவர்களுக்குப் பொருந்துகிற வண்டியைக் கொடுப்பதைப் பற்றிக் கொஞ்சமாவது யோசித்திருக்கலாம்.

'சாலை சரியில்லாத ஊரில் சீட்டைப் பற்றி என்ன பேச்சு' என்று கேட்பவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை 48 இந்தத் தொழில் ஊர்களைத் தொட்டுக்கொண்டும் ஊடறுத்துக்கொண்டும் போகிறது. கன்டெய்னர் லாரிகள் பறக்கிற அந்தச் சாலையை ஒட்டித்தான் ஷிப்டு முடிந்த தொழிலாளி இருட்டில் வீடு திரும்புகிறார். சர்வீஸ் சாலை விட்டுவிட்டு இருப்பதும், இருக்கிற இடத்தில் வண்டிகளை நிறுத்தி அடைத்துவைப்பதும், தெருவிளக்கு எரியாததும் சீட்டை ஏற்றினால் தீராது. அவற்றைச் சரிசெய்வது நெடுஞ்சாலை ஆணையத்தின், நகராட்சியின் கடமை. கேட்டு வாங்க வேண்டும். ஆனால் சாலை திருந்தும்வரை காத்திருக்க முட்டிக்கு நேரமில்லை. பொருந்தின சைக்கிளில் போகிறவர் நேர்கோட்டில் போகிறார், தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்க அவருக்குத் தெம்பு இருக்கிறது. அதோடு பின்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு. ஆடாக்ஸ் இந்தியா ரேண்டனர்ஸ் அமைப்பின் கீழ் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கிற நெடுந்தூரச் சவாரிகள் நடக்கின்றன. அங்கே புறப்படும் முன் சோதிப்பது சைக்கிளின் விலையை அல்ல; ஹெல்மெட், முன்விளக்கு, பின்விளக்கு, ஒளி பட்டால் மின்னும் மேல்சட்டை இவற்றைத்தான். வருடக்கணக்கில் ஓட்டித் தேறியவர்கள் எதை முக்கியம் என்று நினைக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

'எல்லோரும் மொபெட்டுக்கும் பைக்கிற்கும் மாறிவிட்டார்கள், பெண்களுக்குக் கம்பெனி பஸ் வருகிறது, இனி சைக்கிள் எதற்கு' என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்க்கு விற்கிறது. கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் நிற்கும், வீடு உள்ளே இரண்டு கிலோமீட்டர் இருக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நூற்றுக்கு 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. பல வீடுகளில் அது இன்றும் மாடிப்படிக்கு அடியில் சாய்ந்து நிற்கிறது. புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை. அந்த வண்டியை வெளியே எடுத்து, காற்றடித்து, வால் டியூப் மாற்றி, கோட்டம் எடுத்து, செயினைத் துடைத்து எண்ணெய் போட்டு (வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயில் வேண்டாம், அது மண்ணைச் சேர்த்துப் பற்களைத் தின்றுவிடும்), சீட்டை ஏற்றிப் பார்க்கச் சொல்கிறேன். டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கிறது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத் திருப்திப்படுவதை நிறுத்தினாலே பாதி பாரம் குறைந்த மாதிரி இருக்கும்.

மெத்தை சீட் விஷயத்தில் தோல் அறிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பஞ்சு நிறைந்த சீட் கடையில் உட்கார்ந்து பார்க்கச் சுகமாக இருக்கும். அரை மணி நேர ஓட்டத்தில் பஞ்சு அமுங்கி, எலும்பு தாங்க வேண்டிய எடையைச் சதை தாங்கத் தொடங்கும். பிரிட்டனின் புரூக்ஸ் நிறுவனம் 1882இல் காப்புரிமை பெற்ற தோல் சீட்டின் தத்துவத்தை இன்றும் மாற்றாததற்குக் காரணம் இருக்கிறது. இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தடித்த தோல், மாதக்கணக்கில் உட்கார உட்கார ஓட்டுகிறவரின் இடுப்பெலும்புக்கு ஏற்பக் குழிந்துகொடுக்கும், நல்ல தோல் ஷூ காலுக்குப் பழகுவதுபோல. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட பரம்பரைக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கடினமாக இருப்பதெல்லாம் கெடுதல் என்று நினைப்பதை முதலில் விட வேண்டும். அதிலும் சீட் சரியான உயரத்தில் இருந்தால்தான் எடையில் ஒரு பங்கைக் கால்கள் வாங்கிக்கொள்ளும். பிருஷ்ட வலிக்கு மருந்தும் பல சமயம் அதே சீட் போல்ட்டில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் பொன்னேரியிலிருந்து ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுகிற வேலூர், ஆம்பூர், திருப்பத்தூர் சைக்கிள் ஆர்வலர்கள் இதில் எழுதியிருப்பதெல்லாம் அறிந்தவர்கள். உயரம் அரை சென்டிமீட்டர் மாறினால் மலையேற்றத்தில் என்ன ஆகும் என்பதைத் தங்கள் உடம்பில் பார்த்தவர்கள். அந்த அறிவு அவர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. தினமும் பத்து கிலோமீட்டர் மிதித்து வேலைக்குப் போகிறவரிடம் அது போய்ச் சேரவில்லை. அவர்களிடம் என் வேண்டுகோள் இது. உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் இந்த ஆண்டு சைக்கிள் கொடுக்கும் நாளை விசாரித்து வையுங்கள். தலைமையாசிரியரிடமும் உடற்கல்வி ஆசிரியரிடமும் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். விழா முடிந்து பிள்ளைகள் கிளம்பும் முன், நாலு பேர் நாலு ஸ்பேனரோடு மைதானத்தில் நில்லுங்கள். ஒவ்வொரு பிள்ளையாக ஏற்றி உட்காரவைத்து, குதிகாலை மிதியில் வைக்கச் சொல்லி, சீட்டை முடுக்கிவிடுங்கள். பிள்ளைக்கு இரண்டு நிமிடம் ஆகும்.